சயனைட் மேடுகளும் காப்புரிமைச் சட்டமும்

கர்நாடக மாநிலத்தின் கிழக்குக் கோடியில், தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேச எல்லைகளுக்கு அருகே அமைந்துள்ள கோலார் தங்கவயலுக்குச் செல்வோரின் கண்ணில் முதலில் படுபவை அங்குள்ள வெளிறிய மண்மேடுகளேயாகும். மாரிகுப்பம், உரிகம், சாம்பியன் ரீஃப்ஸ் முதலிய பகுதிகளைச் சூழ்ந்து நிற்கும் இவற்றை மக்கள் சயனைட் மேடுகள் என்றழைக்கின்றனர். பாறையை வெட்டி, மாவாக இடித்து, தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சக்கை மண்ணே இவ்வாறு குவிந்துள்ளது. 13 மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

இம்மேடுகளின் பெயரில் ஒரு ரசாயனப் பொருளின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பொருளைக் கொண்டு தங்கத்தைப் பிரிக்கும் முறை, தொழில் வரலாற்றின் புகழ்பெற்ற காப்புரிமை வழக்குகளுள் ஒன்றுக்குக் காரணமாயிற்று. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளைப் புதிய முறையில் பயன்படுத்துவோருக்கு எந்த அளவு தனியுரிமை வழங்கலாம் என்பதே அவ்வழக்கின் மையக் கேள்வி. இன்று ஓர் உலோக ஆக்ஸைடு வினையூக்கிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பம் வரும்போதும் அதே கேள்வி எழுகின்றது. ஆகவே, காப்புரிமைப் பரிசீலனை என்பது யாது, அது நாட்டின் பொருளாதாரத்துக்கு ஏன் இன்றியமையாதது என்பதை அறிய, கோலார் மேடுகளிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

காப்புரிமை என்னும் ஒப்பந்தம்

பேடன்ட் எனப்படும் காப்புரிமை, கண்டுபிடிப்பாளருக்கும் சமுதாயத்துக்கும் இடையே ஏற்படும் ஓர் ஒப்பந்தம் எனலாம். கண்டுபிடிப்பாளர் தம் முறையை ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிடுகிறார். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலம் வரை பிறர் அதனைப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கின்றது. காலம் முடிந்ததும் அந்த அறிவு அனைவருக்கும் பொதுவாகிவிடுகிறது.

இவ்வொப்பந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பக்கத்தில் கண்டுபிடிப்பாளர் இருக்கிறார். தம் உரிமை எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்பதை அவர் நன்கு அறிவார். மறுபக்கத்தில் இருக்க வேண்டிய சமுதாயம் நேரில் வந்து பேசுவதில்லை. வருங்காலத்தில் அம்முறையைப் பயன்படுத்தப்போகும் சிறு தொழிலதிபரும், அதனை மேம்படுத்தப்போகும் ஆராய்ச்சி மாணவரும், அதன் விலையைச் சுமக்கப்போகும் மக்களும் அந்த அறையில் இல்லை. அவர்கள் சார்பில் கேள்வி கேட்பவரே பரிசீலனை அதிகாரி. அவர் கேட்கத் தவறினால் என்ன நேரும் என்பதை சயனைட் வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

பாதரசத்திலிருந்து சயனைடுக்கு

கோலார்ப் பகுதியில் கிராம மக்கள் தங்கம் அரித்தெடுப்பதை 1802-ஆம் ஆண்டிலேயே ஜான் வாரன் என்னும் ராணுவ அதிகாரி பதிவு செய்துள்ளார். நியூசிலாந்தில் பணியாற்றித் திரும்பிய மைக்கேல் லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர், 1870-களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் பெரிய அளவில் வளர்ந்தன. வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர்களின் உழைப்பே அவ்வளர்ச்சிக்கு அடிப்படையாக இருந்தது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்கப்பட்டது.

தொடக்கத்தில் தங்கம் பிரிக்கும் முறை எளியது. படிகக்கல் பாறை இரும்பு உலக்கைகள் கொண்ட ஸ்டாம்ப் மில்லில் நொறுக்கப்படும். நீரோடு கலந்த அந்தச் சேறு, பாதரசம் பூசிய செம்புத் தகடுகளின்மீது ஓடவிடப்படும். தங்கத் துகள்கள் பாதரசத்துடன் சேர்ந்து ரசக்கலவையாகத் தகட்டில் தங்கும். அதனைச் சுரண்டியெடுத்துச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் எஞ்சும். ஆயின் மிக நுண்ணிய துகள்களும், கந்தகத் தாதுக்களுக்குள் பொதிந்துள்ள துகள்களும் பாதரசத்துக்குச் சிக்காமல் சக்கையோடு வெளியேறிவிடும். உலகெங்கும் தங்கச் சுரங்கங்கள் எதிர்கொண்ட இழப்பு இது.

சயனைட் முறை இவ்விழப்பை நீக்கியது. நொறுக்கிய மண்ணை நீர்த்த சயனைட் கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து கரைசலுக்கு வருகின்றது. பின்னர் அக்கரைசலைத் துத்தநாகத்தின் வழியே செலுத்தினால் தங்கம் படிந்து பிரிகின்றது. தக்க தாதுக்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட தங்கத்தை மீட்க இம்முறை வழிசெய்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் கோலாரிலும் இது நடைமுறைக்கு வந்தது. பாதரசத் தகட்டைக் கடந்துபோன சக்கையே புதிய மூலப்பொருளாயிற்று.

இம்முறையின் உட்பொருள் ஆக்ஸிஜனேற்றம் என்னும் ரசாயன வினையாகும். தங்கம் காற்றில் துருப்பிடிக்காத உலோகம். சயனைட் உடனிருக்கும்போதோ, காற்றின் பிராணவாயு தங்கத்தை ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. அவ்வாறு மாறிய தங்கத்தைச் சயனைட் பற்றிக்கொண்டு கரையச் செய்கிறது. 4 தங்க அணுக்கள் கரைய 8 சயனைட் அயனிகளும் ஒரு பிராணவாயு மூலக்கூறும் 2 நீர் மூலக்கூறுகளும் தேவை. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 8 மில்லிகிராம் மட்டுமே. எனவே, கரைசலில் சயனைடை ஓர் அளவுக்கு மேல் கூட்டுவதால் தங்கம் விரைந்து கரைவதில்லை. மாறாக, செம்பு, இரும்பு முதலிய மலிவான உலோகங்களின் தாதுக்களே அதிகமாகத் தாக்கப்பட்டு, விலையுயர்ந்த சயனைட் வீணாகிறது. கரைசல் நீர்த்ததாக இருப்பதே இம்முறையின் வெற்றிக்குக் காரணம். வழக்கின் முடிச்சும் இந்த இடத்தில்தான் விழுந்தது.

1887-ஆம் ஆண்டு விண்ணப்பம்

கிளாஸ்கோ நகரின் ரசாயன நிபுணர் ஜான் ஸ்டூவர்ட் மெக்கார்தர், மருத்துவர்களான ராபர்ட் ஃபாரஸ்ட், வில்லியம் ஃபாரஸ்ட் சகோதரர்கள் ஆகிய மூவரும் சேர்ந்து 1887 அக்டோபரில் பிரிட்டனில் சயனைட் முறைக்குக் காப்புரிமை கோரினர். 1888-இல் நுண்ணிய இழைகளாகச் சீவிய துத்தநாகத்தைப் பயன்படுத்துவது குறித்து இரண்டாவது விண்ணப்பம் தந்தனர். உரிமைகள் கிளாஸ்கோவின் காசல் தங்கப் பிரிப்பு நிறுவனத்தின் கைக்கு வந்தன.

சயனைட் தங்கத்தைக் கரைக்கும் என்பது அப்போது எவரும் அறியாத செய்தியா எனின், இல்லை. 1840-இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் குடும்பத்தினர் பெற்ற மின்முலாம் பூசும் உரிமையே சயனைடில் கரைந்த தங்கத்தை அடிப்படையாகக் கொண்டது. 1840-களில் ரஷ்யாவில் பக்ரத்தியோன் தங்கம் சயனைடில் கரைவதை ஆராய்ந்தார். 1846-இல் ஜெர்மனியின் எல்ஸ்னர் அதில் பிராணவாயுவின் பங்கைச் சுட்டிக்காட்டினார். 1857-இல் மைக்கேல் ஃபாரடே தங்கத் தகடுகளைச் சயனைட் கரைசலில் கரைத்து மெல்லியதாக்கினார். 1867-இல் அமெரிக்காவின் ஜூலியோ ரே, மின்சாரத்துடன் சயனைடைச் சேர்த்துத் தாதுக்களைப் பக்குவப்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். 1885-இல் சிம்ப்சன் என்பவரும் சயனைட் கலந்த கரைசலுக்கு அமெரிக்க உரிமை பெற்றிருந்தார்.

ஆயினும் இவர்களுள் எவரும் சுரங்கத்துக்குப் பயன்படும் தொழில்முறை ஒன்றை உருவாக்கவில்லை என்பதும் உண்மை. முலாம் பூசுவோர் கையாண்டவை அடர்த்தியான கரைசல்கள். டன் கணக்கான மண்ணில் சில கிராம் தங்கமே உள்ளபோது, அடர்த்தியான கரைசலைப் பயன்படுத்துவது கட்டுப்படியாகாது. மெக்கார்தர் குழுவினர் பற்பல சோதனைகளின் மூலம் நீர்த்த கரைசலின் சிறப்பைக் கண்டறிந்தனர். அவர்களின் விண்ணப்பம் பிராணவாயுவின் பங்கை அடிப்படையாகக் கொண்டதன்று. அப்பங்கை அளவிட்டு உறுதிப்படுத்தியவர் நியூசிலாந்தின் மெக்லாரின். அது 1893-இல் நிகழ்ந்தது. ஒரு முறை ஏன் வேலை செய்கிறது என்னும் தத்துவத்தைச் சட்டம் கேட்பதில்லை; பிறர் அதைப் படித்துச் செய்துபார்த்தால் அதே பலன் கிடைக்குமா என்பதையே கேட்கிறது.

இவர்களது உழைப்பு உண்மையானது. அவர்கள் கேட்ட உரிமையின் அகலமே சர்ச்சைக்குக் காரணமாயிற்று. பிரிட்டிஷ் விண்ணப்பத்தின் முதற் கோரிக்கை நீர்த்த கரைசல் என்ற வரம்பைக் கூறாமல், சயனைட் கொண்ட எக்கரைசலாலும் தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைப்பதைத் தமதாக்கிக்கொண்டது. நீர்த்த கரைசல் அதனையடுத்த கோரிக்கையிலேயே குறிப்பிடப்பட்டது. அக்கால பிரிட்டிஷ் அலுவலகம் விண்ணப்பம் முறைப்படி எழுதப்பட்டுள்ளதா என்பதை மட்டுமே பார்த்தது; அது புதியதுதானா என்று தேடிப் பார்க்கும் கடமை அதற்கு இருக்கவில்லை. அத்தேடலுக்கு வகைசெய்த சட்டம் பிரிட்டனில் 1902-இல் நிறைவேறி, 1905-இல் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் 1836 முதலே முன்பரிசீலனை முறை நிலவியது. அங்கு 1889-இல் வழங்கப்பட்ட உரிமையில், 1,000 பங்கு நீருக்கு 8 பங்குக்கு மேற்படாத சயனோஜன் கொண்ட கரைசல் என்று எல்லை எண்ணாலேயே வரையப்பட்டிருந்தது. ஒரே கண்டுபிடிப்பு, ஒரு நாட்டில் வேலியில்லாத நிலம், மற்றொரு நாட்டில் அளந்து கல் நட்ட நிலம்.

மூன்று நாடுகள், மூன்று தீர்வுகள்

வேலியில்லாத உரிமையின் விளைவுகளை அடுத்த பத்தாண்டுகளில் மூன்று நாடுகள் மூன்று விதமாக எதிர்கொண்டன.

பிரிட்டனில் போட்டி நிறுவனம் ஒன்றின்மீது காசல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1895-இல் தீர்ப்பளித்தது. சயனைட் தங்கத்தைக் கரைக்கும் என்பது முன்பே அறியப்பட்டதாகலின், பொதுவான முதற் கோரிக்கை நிலைக்காது என்று அது முடிவு செய்தது. நீர்த்த கரைசலின் பயன் புதியது என்பதற்கு இடமிருந்தமையால், உரிமையாளர்கள் தம் விவரக் குறிப்பை அந்த எல்லைக்குச் சுருக்கித் திருத்திக்கொண்டனர். பரிசீலனை அதிகாரி ஒருவர் 1887-இலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, 8 ஆண்டுகள் கழித்து, பெரும் பொருட்செலவில் நீதிபதிகள் கேட்க நேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் நிலைமை மேலும் கடுமையானது. விட்வாட்டர்ஸ்ராண்ட் சுரங்கங்கள் 1890 முதல் சயனைட் முறையைக் கையாண்டன. அங்கு உரிமை பெற்றிருந்த நிறுவனம் கோரிய ராயல்டி தாங்கமுடியாதது எனச் சுரங்க உரிமையாளர்கள் கருதினர். அவர்களது சுரங்கச் சங்கம் வழக்கை முன்னின்று நடத்தியது. 1896 நவம்பரில் பிரிட்டோரியா நீதிமன்றம் உரிமையை முற்றிலும் ரத்து செய்தது. சுரங்கங்கள் விடுதலை பெற்றன. ஆனால் முறையை உருவாக்கியவர்கள் அந்நாட்டில் தங்கள் உரிமை முழுவதையும் இழந்தனர். அளவுக்கு மீறிக் கோருவோர் நியாயமாகக் கிடைக்க வேண்டியதையும் இழக்க நேரிடும் என்பதற்கு இது சான்று.

நியூசிலாந்தில் மூன்றாவது வழி பின்பற்றப்பட்டது. கரங்கஹாகேயின் கிரௌன் சுரங்கத்தில் 1889-இல் இம்முறை தொழில் அளவில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. ராயல்டிச் சுமை பற்றிய முறையீடுகள் எழுந்தபோது, அந்நாட்டு அரசு 1897-இல் 10,000 பவுன் கொடுத்து உரிமையையே விலைக்கு வாங்கிக்கொண்டது. சுரங்கங்கள் அரசுக்குக் குறைந்த ராயல்டி செலுத்தி முறையைப் பயன்படுத்தின. கண்டுபிடிப்பாளர்களுக்கு ஊதியமும் கிடைத்தது, தொழிலும் தடைப்படவில்லை.

திருத்தம், ரத்து, அரசுக் கொள்முதல் ஆகிய மூன்று தீர்வுகளும் நோய் வந்தபின் செய்யப்பட்ட சிகிச்சைகளே. நோயைத் தடுக்கும் இடம் பரிசீலனை அதிகாரியின் மேசை.

உலோக ஆக்ஸைடு வினையூக்கிகள்

சுரங்கங்களோடு தொடர்புடைய மற்றோர் ஆக்ஸிஜனேற்றத்தை இனிக் காணலாம். வெடி வைத்த பின்னரும், தீவிபத்தின்போதும் நிலத்தடியில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உருவாகின்றது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. சாதாரண முகமூடியில் உள்ள கரி இதனைத் தடுத்து நிறுத்தாது. ஆனால் இவ்வாயுவை ஆக்ஸிஜனேற்றம் செய்து கார்பன் டையாக்ஸைடாக மாற்றிவிட்டால், உடனடி ஆபத்து நீங்கும்.

முதல் உலகப் போரின் இறுதியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இதற்கான வினையூக்கி ஒன்றை உருவாக்கின. இரண்டின் பெயர்களையும் இணைத்து அதற்கு ஹாப்கலைட் எனப் பெயரிடப்பட்டது. இதன் முக்கியக் கூறுகள் மாங்கனீஸ் டையாக்ஸைடும் செம்பு ஆக்ஸைடும் ஆகும். ஒரு வகையில் இவை முறையே 60, 40 சதவீதம். மற்றொரு வகையில் மாங்கனீஸ் டையாக்ஸைடு 50, செம்பு ஆக்ஸைடு 30, கோபால்ட் ஆக்ஸைடு 15, வெள்ளி ஆக்ஸைடு 5 சதவீதம். ஃப்ரேசர், ஸ்கேலியோன் ஆகியோரின் பெயரில் 1920-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. பிற்காலத்தில் நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளர் இடுப்பில் மாட்டிச் செல்லும் சுயமீட்புக் கருவிகளில் இத்தகைய வினையூக்கிகள் பயன்பட்டு, பல உயிர்களைக் காத்துள்ளன.

மாங்கனீஸ் டையாக்ஸைடும் செம்பு ஆக்ஸைடும் ரசாயன மாணவர் அனைவரும் அறிந்த பொருள்கள். அவை ஆக்ஸிஜனேற்றத்துக்கு உதவுபவை என்பதும் பழைய செய்தியே. அவ்வாறாயின் இரண்டையும் கலந்ததில் என்ன புதுமை? விடை அளவீடுகளில் உள்ளது. தனித்தனியே இவற்றின் வினைத்திறன் குறைவு. நுண்ணியதாக வீழ்படிவாக்கி, நெருக்கமாகக் கலந்து, உரிய முறையில் உலர்த்தியபோது, சாதாரண வெப்பநிலையிலேயே நச்சுவாயுவை மாற்றும் ஆற்றல், கூறுகளின் தனித்தனி ஆற்றலைக் கூட்டினால் வருவதைவிட மிகுதியாக அமைந்தது. ஈரம் பட்டால் இந்த ஆற்றல் குன்றும் என்பதால், கருவியில் காற்றை உலர்த்தும் பொருளொன்று வினையூக்கிக்கு முன்னால் வைக்கப்பட்டது.

தொழில் ரசாயனத்தில் உலோக ஆக்ஸைடுகளின் இடம் மிகப் பெரியது. கந்தக அமிலத் தயாரிப்பில் கந்தக டையாக்ஸைடை ஆக்ஸிஜனேற்றம் செய்ய, விலையுயர்ந்த பிளாட்டினத்தின் இடத்தை வனேடியம் பென்டாக்ஸைடு பிடித்தது. உர உற்பத்திக்கு அமிலம் இன்றியமையாததாகலின், இத்தகைய வினையூக்கிகளை உள்நாட்டில் தயாரிப்பது சுயசார்பின் ஓர் அங்கமாயிற்று. சிந்திரியில் இந்திய உரக் கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவு இத்துறையில் மேற்கொண்ட பணி குறிப்பிடத்தக்கது.

இத்தகைய வினையூக்கி ஒன்றுக்கு விண்ணப்பம் வரும்போது பரிசீலனை அதிகாரி எவற்றைப் பார்ப்பார்? முதலாவதாக, கலவையின் கூறுகளும் விகிதமும் முன்னைய வெளியீடு எதிலேனும் உள்ளனவா என்று தேடுவார். விண்ணப்பதாரர் 20 முதல் 80 சதவீதம் வரை எனக் கோரியிருக்க, பழைய ஆய்வுக் கட்டுரையொன்று 40 சதவீதக் கலவையை விவரித்திருந்தால், அந்த அகன்ற கோரிக்கையின் புதுமை போய்விடும். இரண்டாவதாக, வேறுபாடு இருப்பினும் அது துறையறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா என்று வினவுவார். மூன்றாவதாக, விவரக் குறிப்பைக் கொண்டு அதே வினையூக்கியைப் பிறர் தயாரிக்க முடியுமா என்று பார்ப்பார்.

மூன்றாவது கேள்வி வினையூக்கிகளுக்குத் தனிமுக்கியத்துவம் உடையது. ஒரே கூறுகளும் ஒரே விகிதமும் கொண்ட இரு வினையூக்கிகள் முற்றிலும் வேறாகச் செயல்படக்கூடும். எந்த உப்பிலிருந்து வீழ்படிவாக்கப்பட்டது, எந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் சுடப்பட்டது, ஒரு கிராமின் மேற்பரப்பு எவ்வளவு, நுண்துளைகளின் அளவு என்ன, எதன்மீது படியவைக்கப்பட்டது என்பனவே ஆற்றலைத் தீர்மானிக்கின்றன. இவற்றை மறைத்துவிட்டுக் கலவையின் பெயரை மட்டும் கூறும் விண்ணப்பம், சமுதாயத்துக்குத் தர வேண்டிய விலையைத் தராமல் உரிமையை மட்டும் கேட்பதாகும். பழைய வினையூக்கியையும் புதியதையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிட்ட அட்டவணை ஒன்று, பல பக்க விளக்கத்தைவிட மதிப்புடையது.

இந்தியச் சட்டத்தில் வினையூக்கி

இந்தியாவில் கண்டுபிடிப்பாளர் உரிமைக்கான முதற் சட்டம் 1856-இல் இயற்றப்பட்டது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் காப்புரிமை நிர்வாகத்தை முதன்முதலாகக் கன்ட்ரோலரின் பொறுப்பில் வைத்தது. விடுதலைக்குப் பின், பக்ஷி டேக் சந்த் குழுவும், அதனைத் தொடர்ந்து நீதிபதி ராஜகோபால ஐயங்காரும் இச்சட்டத்தை ஆராய்ந்தனர். ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டார் கையில் இருப்பதையும், அவற்றுள் மிகப்பல இங்கு தொழிலாக நடத்தப்படாமல் இருப்பதையும் எடுத்துக்காட்டியது. அதன் அடிப்படையில் உருவான 1970-ஆம் ஆண்டுச் சட்டம், 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, ரசாயன முறைகளால் தயாரிக்கப்படும் பொருள்களுக்கு உரிமை இல்லை; தயாரிப்பு முறைக்கு மட்டுமே உரிமை உண்டு. வேறு முறையில் அதே பொருளைத் தயாரிக்க இந்திய விஞ்ஞானிகளுக்கு இது வழிவிட்டது. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையை ஒட்டி, 2005 ஜனவரி முதல் அப்பிரிவு நீக்கப்பட்டது. அது முதல் ரசாயனப் பொருளே உரிமைக்குரியதாயிற்று. உரிமைக் காலமும் 2003 முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள் என ஒரே சீராக்கப்பட்டது. உரிமை விரிந்ததற்கேற்ப, பரிசீலனையின் பொறுப்பும் கூடியது.

இரு விதிகள் இங்கு தனிக் கவனத்துக்குரியவை. 3-ஆவது பிரிவின் (உ) உட்பிரிவு, கூறுகளின் பண்புகள் ஒன்றுகூடுவதைத் தவிர வேறு பலன் தராத வெறும் கலவையை விலக்குகிறது. ஹாப்கலைட் போன்ற ஒரு கலவை, அதன் ஆற்றல் கூட்டுத்தொகையை மிஞ்சுவதை அளவீடுகளால் நிறுவினால் இத்தடையைத் தாண்டும், நிறுவாவிட்டால் தாண்டாது. (ஈ) உட்பிரிவு, அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், அதன் பயன்திறனை உயர்த்தாதபோது அதனைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. வினையூக்கியைப் பொறுத்தவரை பயன்திறன் என்பது அதன் வினைத்திறனையே குறிக்கும் எனக் கொள்ளலாம். அதே உட்பிரிவு, அறியப்பட்ட பொருளின் புதிய பயனையும், அறியப்பட்ட முறையைப் பயன்படுத்துவதையும் விலக்குகிறது. அம்முறை புதிய பொருளைத் தந்தாலோ, புதிய வினைபடுபொருள் ஒன்றையேனும் பயன்படுத்தினாலோ மட்டும் விலக்கு இல்லை. வினையூக்கி வினையின் இறுதியில் மாறாமல் எஞ்சுவதாகலின், அது வினைபடுபொருள் ஆகுமா என்பது மாணவர் சிந்திக்கத்தக்க வினா. 1887-ஆம் ஆண்டுச் சயனைட் விண்ணப்பத்தை இவ்விதியின் முன் வைத்தால், பொதுவான முதற் கோரிக்கை நிற்காது என்பது திண்ணம். நீர்த்த கரைசல் பற்றிய குறுகிய கோரிக்கைக்கு வாதாட இடமுண்டு.

நடைமுறை பின்வருமாறு அமைகின்றது. கர்நாடகத்திலிருந்து வரும் விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குட்பட்டது. விண்ணப்பம் 18 மாதங்களுக்குப் பின் வெளியிடப்படும். பரிசீலனை வேண்டுமென விண்ணப்பதாரர் தனியே கோர வேண்டும். அதிகாரி முன்னைய வெளியீடுகளைத் தேடி, தம் ஆட்சேபணைகளை முதற் பரிசீலனை அறிக்கையாகத் தருவார். விண்ணப்பதாரர் கோரிக்கையைச் சுருக்கியோ, சான்று காட்டியோ விடையளிப்பார். உரிமை வழங்கப்படும் முன் எவரும் ஆட்சேபணை தெரிவிக்கலாம். வழங்கப்பட்ட செய்தி வெளியான ஓராண்டுக்குள், அக்கறை உள்ளோர் மறுபடியும் ஆட்சேபிக்கலாம். பல்கலைக்கழக ஆசிரியரும் சிறு தொழிலதிபரும் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தினால், பரிசீலனை அதிகாரியின் தேடல் மேலும் வலுப்பெறும்.

டிரான்ஸ்வாலும் நியூசிலாந்தும் தேடிய தீர்வுகளுக்கும் நம் சட்டத்தில் இடமுண்டு. தகுதியற்ற உரிமையை ரத்து செய்ய 64-ஆவது பிரிவு உள்ளது. உரிமை வழங்கி 3 ஆண்டுகள் கழிந்த பின், மக்களின் நியாயமான தேவை நிறைவேறாவிடின் கட்டாய உரிமம் கோர 84-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அரசு தன் தேவைக்கு ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்தவும் வகையுண்டு.

மேடுகள் கற்பிக்கும் பாடம்

கோலார்ச் சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசு அவற்றை ஏற்றது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை சென்றது. தாதுவில் தங்கம் குறைந்து, செலவு பெருகியதால், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மேடுகள் எஞ்சின. வெயிலும் காற்றும் சயனைடைக் காலப்போக்கில் சிதைத்துவிடும் என்றாலும், பலமான காற்று வீசும்போது நுண்தூசி குடியிருப்புகள்மீது படிவது இன்றும் அங்குள்ள மக்களின் குறையாக உள்ளது.

அம்மேடுகளில் சிறிதளவு தங்கமும் எஞ்சியுள்ளது. மேடுகள் உள்ள 1,003 ஏக்கர் நிலத்தில் அதனை மீட்டெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. மண்ணை மீண்டும் பக்குவப்படுத்தும்போது, தங்கத்தைக் கரைக்கவும் ஆக்ஸிஜனேற்றம் வேண்டும். பின்னர் கழிவுநீரில் எஞ்சும் சயனைடை அழிக்கவும் ஆக்ஸிஜனேற்றம் வேண்டும். பின்னதற்குக் கந்தக டையாக்ஸைடையும் காற்றையும் செலுத்தி, செம்பு அயனியை வினையூக்கியாகக் கொள்ளும் முறையைக் கனடாவின் இன்கோ நிறுவனம் 1980-களில் காப்புரிமையுடன் வெளிக்கொணர்ந்தது. அந்த உரிமைகளின் காலமும் முடிந்துவிட்டது. மெக்கார்தர் முறையைப் போலவே அதுவும் இன்று உலகின் பொதுச் சொத்து.

இத்துறையில் புதிய வினையூக்கிகளும் புதிய முறைகளும் இனியும் வரும்; வரவேண்டும். அவற்றுள் உண்மையான உழைப்பின் பயனாக வந்தவற்றுக்கு உரிமை மறுக்கப்பட்டால், ஆராய்ச்சியில் முதலீடு செய்வோர் ஊக்கம் இழப்பர். பொதுச் சொத்தாகிவிட்ட அறிவைச் சிறிது மாற்றி எழுதி உரிமை பெற்றுவிட்டால், தூசியின் நடுவே வாழும் மக்களுக்காக மேடுகளைச் சீரமைக்க முன்வரும் நிறுவனம், தேவையற்ற ராயல்டியைச் செலுத்த நேரிடும். செலவு கூடினால் சீரமைப்பே தள்ளிப்போகும். இவ்விரு தவறுகளுக்கும் இடையே எல்லைக் கல்லை நடுவது பரிசீலனை அதிகாரியின் பணி.

எந்த விகிதம், எந்த வெப்பநிலை, முன்னர் யார் செய்தார், எவ்வளவு மேம்பாடு என்ற அவரது கேள்விகள் வறண்டவையாகத் தோன்றலாம். ஆனால் 1887-இல் எவரும் கேட்காது விட்ட இத்தகைய கேள்விகளுக்கு விடை காண, மூன்று நாடுகள் பத்தாண்டு பாடுபட்டன. தொடக்கத்திலேயே ஒழுங்காகக் கேட்கப்படும் ஒரு கேள்வி, கண்டுபிடிப்பாளருக்கு உறுதியான உரிமையையும், நாட்டுக்குத் தடையற்ற தொழில் வளர்ச்சியையும் ஒருங்கே அளிக்கின்றது.